மாப்பிள்ளை கையைத் தூக்கியபோது

முன்னொரு காலத்தில் ஆனைக்கல் என்றொரு நாட்டைப் பூபதிராசன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் ஒரு சொல், மாலையில் ஒரு சொல். காலையில் பல்லக்கு கொடுத்தவனை மாலையில் கழுதையில் ஏற்றிவிடுவார். அவர் புருவத்தைப் பார்த்துத்தான் சபையில் எல்லோரும் மூச்சே விடுவார்கள்.

ராஜாவுக்கு ஒரே மகள், அல்லியம்மை. அவளுக்கு வடகரை இளவரசன் இந்திரவேலனைப் பேசிக் கொண்டுவந்தவன் தளவாய் நஞ்சப்பன். மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். இந்தச் சம்பந்தம் முடிந்தால் மந்திரி பதவி தனக்குத்தான் என்று நினைத்திருந்தான். இப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையை உடைத்துத் தங்கள் ஆசனத்துக்குக் கால் செய்துகொள்வார்கள்.

இந்திரவேலனிடமிருந்து தினமும் ஓலை வரும். எழுத்தெல்லாம் தேன். ஒருமுறை அல்லியம்மை பதில் எழுத இரண்டு நாள் தாமதமாயிற்று. மூன்றாம் நாள் அவனே குதிரையேறி வந்துவிட்டான்.

"என்னைவிட இந்தக் கிளியோடுதான் அதிகம் பேசுகிறாயாமே?" என்று அவள் வளர்த்த கிளியைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவன் போன பிறகு பார்த்தால், கிளியின் இரண்டு பக்க இறகும் கத்தரித்துக் கிடந்தது.

மகள் போய்ச் சொன்னபோது ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தீர்களா மகாராஜா, கிளிமேல்கூடப் பொறாமை! அத்தனை பிரியம்!" என்று நஞ்சப்பன் கைகொட்டினான்.

அவள் மந்திரியிடம் வந்தாள். "மாமா, அவர் என்னிடம் ஒருநாள்கூடச் சத்தம் போட்டதில்லை. ஆனாலும் அவர் வரும் குளம்புச் சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்குகிறது. அப்பாவிடம் காட்ட ஒரு பிடி இறகைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை."

"நடுங்குகிறதே, அதுவே எனக்குப் போதும் அம்மா. உன் அப்பாவுக்குத்தான் போதாது," என்றார் மந்திரி.

நிச்சயதார்த்த நாள் வந்தது. அந்த நாட்டு வழக்கப்படி, பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அப்புறம் ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

வடகரையார் முப்பது பேர் வந்து இறங்கினார்கள். குதிரையை விட்டு இறங்கிய இந்திரவேலன் தலைப்பாகையைச் சரி செய்யக் கையைத் தூக்கினான். பின்னால் நின்ற அவனுடைய வெற்றிலைப் பெட்டிக்காரன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த கணம் எதுவும் நடக்காதது போல நிமிர்ந்துவிட்டான். மந்திரி அதைப் பார்த்துவிட்டார்.

நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"காரணம்?"

"கண்ணால் காட்டுகிறேன்."

"இலை போட்டாயிற்று. சோறு வாய்க்குப் போவதற்குள் காட்டும். காட்டாவிட்டால் உம் நாக்கை அறுத்து அதே இலையில் வைப்பேன்!"

"நெய் விடலாமா, மகாராஜா?" என்றான் நஞ்சப்பன். சபை சிரித்தது.

மந்திரி பந்தலுக்கு ஓடினார். நடுவில் தொங்கிய பூச்சரத்தை ஒரு சாண் உயரத் தூக்கிக் கட்டச் சொன்னார். அதற்குள் முப்பது பேரும் உட்கார்ந்து, சோறும் பரிமாறியாகிவிட்டது. இந்திரவேலன் அருகில் அவன் தாயார் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, ஒரு சின்ன ஆசை. அந்தச் சரத்தை உங்கள் கையாலேயே எடுத்துப் பெண்ணுக்குக் கொடுங்கள். அப்புறம் சாப்பிடலாம்," என்றார் மந்திரி.

"அதற்கென்ன?" என்று சிரித்தபடி எழுந்தான் இந்திரவேலன். எட்டினான், கிடைக்கவில்லை. மறுபடி எட்டினான், விரல் நுனியில் வழுக்கிப் போயிற்று. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. சரத்தைப் பறிக்க விருட்டென்று கையை ஓங்கினான்.

வடகரைப் பந்தி முழுவதும் குனிந்தது. வெற்றிலைப் பெட்டிக்காரன் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். ஒரு கிழவர் இலைமேலேயே சாய்ந்துவிட்டார். தாயார் முழங்கையை முகத்துக்கு முன்னே கொண்டுபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஆனைக்கல்காரர்கள் ஒருவர்கூட அசையவில்லை.

பந்தலில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

இந்திரவேலன் திரும்பித் தாயாரை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். "ஒன்றுமில்லை, மூக்கில் ஈ உட்கார்ந்தது," என்றார் அந்த அம்மாள் அவசரமாக.

"ஒரே ஈ முப்பது மூக்கிலுமா, தாயே?" என்றார் மந்திரி.

ராஜா எழுந்தார். அவர் குரலே மாறியிருந்தது. "மாப்பிள்ளை, இன்னொரு முறை கையைத் தூக்கும். மெதுவாக."

"மாமா, இது என்ன விளையாட்டு..."

"தூக்கும்!"

கறுத்த முகத்தோடு மெதுவாகத்தான் தூக்கினான். மெதுவாகவே அத்தனை தலையும் குனிந்தது. ராஜா மகளைத் தேடினார். தூண் மறைவில் அவள் நின்றாள். அவளும் பாதி குனிந்திருந்தாள்.

"இலையை எடுங்கள்," என்றார் ராஜா. "வடகரையார் பசியோடு போகட்டும். இங்கே தங்க விரும்புகிறவர்கள் தங்கலாம். அவர்கள்மேல் கை பட்டால் என் படை வரும்."

அல்லியம்மை போய் அந்தத் தாயாரின் கையைப் பிடித்தாள். "நீங்கள் போக வேண்டாம் அம்மா." அந்த அம்மாள் மகன் பக்கம் பார்க்காமலே எழுந்து அவள் பின்னால் வந்தார். அதைப் பார்த்து வெற்றிலைப் பெட்டிக்காரனும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு நஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

"தளவாயே, இளவரசருக்கு வெற்றிலைப் பெட்டி தூக்க ஆளில்லை. அவர் பிரியத்தை நீர்தானே நன்றாக அறிந்தவர்? ஒரு வருஷம் கூடவே இருந்து அனுபவித்துவிட்டு வாரும்."

"மகாராஜா, என் பிள்ளைகுட்டிகள்..."

"என் பிள்ளையை அனுப்பத் துணிந்தபோது உமக்கு அந்த ஞாபகம் வரவில்லையே."

நஞ்சப்பன் அழுதான், காலைப் பிடித்தான். யாரும் இரங்கவில்லை, இரங்கவும் வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இளவரசன் குதிரைக்குப் பக்கத்தில் நடந்தான். வெயில் கண்ணில் பட்டதென்று இந்திரவேலன் நெற்றிக்கு நேரே கையை உயர்த்தினான்.

மற்றவர்கள் வருஷக்கணக்கில் கற்றதை, நஞ்சப்பன் கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் கற்றுக்கொண்டான்.