பத்து வருஷம்

முதுகுத்தண்டு நசுங்கிய எலிகளுக்கு, ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களை ஏற்றிப் பார்ப்பது யூசுப்பின் வேலை. அவற்றில் ஓர் எலி பின்னங்காலைத் தரையில் ஊன்றிவிட்டது. முடங்கிய எலி எழுந்து நடந்தது என்று பேப்பரில் போட்டார்கள். பேப்பர்காரர்களுக்கு ஊன்றுவதும் நடப்பதும் ஒன்றுதான். எலியை யாரும் கேட்கவில்லை.

யூசுப் தன் குரு மரகதவல்லியின் அறைக்குப் போனான். இதே ஆராய்ச்சியில் தலை நரைத்தவர் அவர்.

"மேடம், இன்னும் கொஞ்ச நேரத்துல டிவியிலிருந்து கூப்பிடுவாங்க. மனுஷங்களுக்கு இது எப்போ வரும்னு கேப்பாங்க. எத்தனை வருஷம்னு சொல்லட்டும்?"

"வெளியே ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. கூட்டிட்டு வா. காபியும் சொல்லிடு."

வந்தவர் சுடலைமுத்து, சக்கர நாற்காலியில். தள்ளி வந்தது மனைவி பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். சுடலைமுத்து கிணற்றில் குளிக்கத் தலைகுப்புறக் குதித்துக் கழுத்து முறிந்தவர்.

யூசுப் காபி தம்ளரை நீட்டினான். சுடலைமுத்து அதைப் பார்த்துச் சிரித்தார். பேச்சியம்மாள் வாங்கி, ஊதி, அவர் வாயில் வைத்தாள். யூசுப்புக்கு வெட்கமாக இருந்தது. எலியின் காலை அளக்கத் தெரிந்தவனுக்கு மனிதனின் கை கண்ணில் படவில்லை.

"ஆபரேஷன் ஏதாவது சொன்னாங்களா ஐயா?" என்று கேட்டார் மரகதவல்லி.

"சொன்னாவ மேடம். முழங்கைப் பக்கம் வேலை செய்யுத நரம்பு ஒண்ணைத் திருப்பி விரல்ல தைச்சா, தம்ளர் பிடிக்கலாம், சோறு அள்ளலாம்னாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"நீங்க டிவியில சொன்னியள்லா, பத்து வருஷத்துல செல்லு வந்துரும்னு. அதுக்குள்ள கையை வெட்டித் தைச்சு வைப்பானேன்னு விட்டுட்டேன். இப்பம் விரலு இறுகிப் போச்சு. இனிமே தைக்க முடியாதாம்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் கேட்டுக்கொண்டிருப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"பத்து வருஷம் தாண்டிட்டு. கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்லா. எலி நடந்துட்டுன்னு பேப்பர்ல பார்த்தோம். அதான் வந்தோம். மொத ஆளா என் பேரைப் போட்டுக்கிடுங்க."

"எலி நடக்கலை ஐயா. ஒரு காலை ஊனுச்சு, அவ்வளவுதான். மனுஷங்களுக்கு எப்போ வரும்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. என் காலத்துல வராமலும் போகலாம்."

சுடலைமுத்து யூசுப் பக்கம் திரும்பினார்.

"இந்த சார் காலத்துல வரும்லா?"

யூசுப் தரையைப் பார்த்தான்.

"பரவால்ல மேடம். நீங்க சொன்னதை நினைச்சுத்தான் இத்தனை நாள் உசிரோட இருந்தேன்."

பேச்சியம்மாள் மிச்சக் காபியையும் கொடுத்து முடித்தாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

யூசுப் காலித் தம்ளரை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தான்.

"ஏன் மேடம் பத்துன்னு சொன்னீங்க?"

"நம்ம துறையில தெரியாதுங்கிறதுக்குப் பேரு பத்து வருஷம். எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். உனக்கு அது புரியும். அவருக்கு எப்படிப் புரியும்?"

"ஆனா அந்த நம்பிக்கைதானே அவரை உயிரோட வச்சிருக்கு. அவரே சொன்னாரே."

"அவர் சொன்னார். அந்தம்மா ஏதாவது சொன்னாங்களா?"

யூசுப்பின் போன் அடித்தது. டிவிக்காரர்கள். அவன் எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்லட்டும் மேடம்?"

"தெரியாதுன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா டிவியில போட மாட்டாங்க மேடம்."

"போட மாட்டாங்கன்னு அன்னைக்கு எனக்கும் தெரியும்" என்றார் மரகதவல்லி.