எந்தக் கரைத் தாளம்

"என் தாளம் எந்தக் கரையோடது? அதை மட்டும் சொல்லிடுங்க தாயி, போயிடுறேன்" என்றார் அனத்தோல்.

தலை நரைத்த மனுஷர். பிறந்தது இந்தக் கரீபியன் தீவு, பேர் வாங்கினது பாரிஸ் ஜாஸ் மேடை. ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகத் திரிந்து மேளம் படித்தவர். அந்தத் தாளத்தையும் தீவுத் தாளத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினார். உலகமே வாங்கிக் குடித்தது.

யுலாலி அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆட்டக்காரி. தீவில் மேளம் தொடுகிற எவனும் ஒருநாள் அவள் முற்றத்தில் வந்து நின்றுதான் ஆகணும்.

"யாரு என்ன சொன்னாங்க அண்ணே?"

"ஆப்பிரிக்காவுல வாசிச்சா, தீவுக்காரன் சரக்குன்னு சிரிக்கிறாங்க. இங்க வாசிச்சா, வெளியூர்ச் சரக்குன்னு எழுந்து போறாங்க. நாப்பது வருஷமா ரெண்டு வீட்டுப் பந்தியிலயும் எனக்கு இடமில்ல."

"அட பாவமே. டிக்கெட் வாங்கினவன் மட்டுந்தான் உக்காந்து கேக்கிறானாக்கும்."

முற்றத்தில் இருந்த மேளக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிங்க. பதில் தெரியாம இனி மேளத்துல கை வைக்கமாட்டேன். அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது.

யுலாலி செருப்பைக் கழற்றினாள். "முதல்ல பாருங்க."

ரம் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டின மேளம். ஒருத்தன் அடித்தான், அவள் ஆடினாள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவள் சட்டென்று, கால் இடறினவள் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தாள்.

அனத்தோல் பிடிக்கக் கை நீட்டினார்.

'தும்' என்று ஒரு அடி.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"விழுற மாதிரி என்னமா நடிக்கிறீங்க தாயி!"

"நடிப்பா? நான் விழத்தான் செய்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவரும் சிரித்து வைத்தார்.

"இப்ப நீங்க உக்காருங்க அண்ணே."

உட்கார்ந்தார். அவள் ஆடத் தொடங்கியதும் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடுகிற அழகைப் பார்க்கவே கூட்டம் வரும். இடது கையில் ஆப்பிரிக்கா, வலது கையில் தீவு. ரெண்டும் முட்டி மோதி, பிணைந்து, பறந்தன.

"யப்பா!" என்றான் ஒரு மேளக்காரன்.

தொப்பென்று ஒரு சத்தம்.

அது மேளத்தில் இருந்து வந்த சத்தமில்லை.

கண்ணைத் திறந்தார். யுலாலி மண்ணில் குப்புறக் கிடந்தாள். உதடு கிழிந்து ரத்தம்.

"தாயி!" மேளம் ஒரு பக்கம் உருண்டது. ஓடினார். "என்ன ஆச்சு? எப்படி விழுந்தீங்க?"

அவர் நீட்டின கையை அவள் பிடிக்கவில்லை. தானே எழுந்து உட்கார்ந்தாள்.

"எப்பவும் விழுற மாதிரிதான் விழுந்தேன்."

முதலில் அடித்த மேளக்காரனை அனத்தோல் திரும்பிப் பார்த்தார். அவன் கண் இன்னும் அவள் காலிலேயே இருந்தது.

அந்த 'தும்'. அது அவள் நின்ற பிறகு விழுந்த அடி இல்லை.

அவளை விழாமல் நிறுத்தின அடியே அதுதான். "நாப்பது வருஷம் தாயி... கண்ணை மூடிக்கிட்டு... என் முன்னால எத்தனை பேரு..."

"அது எனக்குத் தெரியாது. போய் உக்காருங்க."

"மாட்டேன். மறுபடி விழுந்துட்டீங்கன்னா?"

"அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன்."

உருண்ட மேளத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடித்தார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சின்னச் சின்ன அடி. வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. இமைக்கவில்லை.

எழுந்து ஆடிக்கொண்டிருந்தவளின் குதிகால் தரையை விட்டது. உடம்பு சாய்ந்தது.

'தும்' என்று அவர் கை விழுந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

யுலாலி புறங்கையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க அண்ணே. இது எந்தக் கரை?"

"கவனிக்கல தாயி."

"சரி. இன்னொரு தரம் விழுறேன்."