விரலன் முளைத்த புற்று

ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. கட்டியது கரையான்கள். குடிபுகுந்தது படத்தி என்ற நல்லபாம்பு. கரையான் புற்றில் பாம்பு குடியேறுவது எல்லாருக்கும் தெரிந்த சேதிதான். குடியேறின பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

படத்தி முட்டையிட வந்தவள். போன வருஷம் மரப்பொந்தில் இட்டதை ஒன்றுவிடாமல் கீரி தின்றுவிட்டது. இந்த வருஷம் ஒரு குஞ்சாவது கண் திறந்து வெயிலைப் பார்க்கணும் என்ற வைராக்கியத்தில் இருந்தாள். பதினோரு முட்டை இட்டு, சுருண்டு அணைத்துக்கொண்டாள்.

புற்று அவளுக்குப் பிடித்துப்போனது. வெளியே பாறை வெடிக்கிற சித்திரை வெயில். உள்ளே ஒரே பதமான சூடு. ஒன்றுதான் பிடிக்கவில்லை. சத்தம். எந்நேரமும் கரு கரு, மொறு மொறு. போதாததற்குக் கரையான்கள் சாரை சாரையாக அவள் முதுகில் ஏறி இறங்கின.

அவை போனது தோட்டத்துக்கு. படத்தி படுத்திருந்த அறைதான் அது. அதன் சுவர்களில் சாம்பல் நிறத்தில், தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஏதோ இருந்தது. மென்ற மரத்தையும் சருகையும் கரையான்கள் அதில் கொண்டுபோய் அப்பும். அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை படரும், ரவை சிந்தினது போல. அதுதான் அவற்றுக்குச் சோறு.

மூன்று நாள் தூக்கம் கெட்டதும் படத்தி சீறினாள். இனி ஒருத்தர் இந்தப் பக்கம் வரக்கூடாது, எல்லாரும் கீழ் அறைக்கு இறங்கிவிட வேண்டும் என்றாள்.

கூட்டத்தில் மூத்தவன் மண்ணுருட்டி என்ற கரையான். அவன் கோபப்படவில்லை. போகச் சொன்னால் போகிறோம், களை எடுக்க மட்டும் தினம் ஒரு நடை வந்துபோகிறோம் என்று கேட்டுக்கொண்டான்.

"களையா? இங்கே எவன்டா விதைச்சான், களை முளைக்க?" என்றாள் படத்தி.

"யாரும் விதைக்கல தாயி. அவனுக்கு விதையும் கிடையாது, பூவும் கிடையாது. தூசியா இங்கேயேதான் இருக்கான். நாங்க எப்போ கையை நிறுத்துவோம்னு பார்த்துக்கிட்டிருக்கான். விரலன்னு பேரு."

படத்தி சிரித்தாள். விதையில்லாமல் முளைக்கிற ஒருத்தனுக்கு நல்லபாம்பு பயப்படணுமா என்று கேட்டாள். "என் பல்லுல என்ன இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் தாயி. ஆனா அவனுக்கு ரத்தம் இல்லையே" என்றான் மண்ணுருட்டி.

அன்றைக்கே கரையான்கள் இறங்கிப் போயின. போகும்போது கீழ் அறை வாசலை மண் வைத்து அடைத்துவிட்டன. சத்தம் நின்றது. படத்தி நிம்மதியாகத் தூங்கினாள்.

சில நாள் கழித்து அவளுக்குச் சட்டை உரிக்கும் பருவம் வந்தது. அந்தச் சமயத்தில் பாம்புக்குக் கண்மேல் பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும், எதுவும் தெரியாது. குருட்டுக் கண்ணோடு முட்டைகளைச் சுற்றிக் கிடந்தாள்.

முதலில் காற்று நின்றது. அதுவரை புற்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு நனைந்த சாக்கு வாடை வந்தது. ஒருநாள், அவள் தாடைக்குக் கீழே ஏதோ தொட்டது.

கரையான்தான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து அதட்டினாள். பதில் இல்லை. நாக்கை நீட்டித் தடவினாள். சில்லென்று இருந்தது. ஒல்லியாக, விறைப்பாக, நுனி மழுங்கி. நகராமல் நின்றது.

மறுநாள் அந்த இடத்தில் இரண்டு நின்றன. அதற்கு அடுத்த நாள் ஐந்து.

ஒன்றைக் கடித்தாள். சத்தமே இல்லாமல் ஒடிந்தது. வாய் நிறையத் தூசி. விஷம் இறங்க அதில் இடம் இல்லை. விடிந்து நாக்கால் தடவினால் ஒடித்த இடத்தில் இரண்டு.

அவளுக்கு முட்டை ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுக்கொண்டே போனாள். ஓரத்து முட்டை ஈரமாக அமுங்கியது. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது.

படத்தி மண் வாசலில் போய் மோதினாள். கீழே இருந்த கரையான்கள், பாம்பு சுவரை இடித்துக்கொண்டு வருகிறது என்று பயந்து இன்னொரு பூச்சுப் பூசின. அவள் மோத மோத, சுவர் தடித்துக்கொண்டே போனது.

முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் பாம்புக்கு ஏது கை? வெளியே உருட்டினால் வெயிலில் வெந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துப் புற்று வாயில் ஓர் அரணை வந்து நிழலுக்கு ஒதுங்கியது. அரணையின் ஞாபக சக்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். கடிக்கத்தான் ஓடி வரும். பக்கத்தில் வந்ததும் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பிப் போய்விடும். ஆனால் படத்திக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒன்றும் செய்யமாட்டேன் என்று முட்டைமேல் சத்தியம் செய்து உள்ளே கூப்பிட்டாள்.

அரணை உள்ளே நுழைந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"என்ன தம்பி, பேச்சைக் காணோம்? எனக்குக் கண் தெரியல. இங்கே என்ன இருக்கு?"

"அக்கா," என்றது அரணை மெதுவாக, "உங்களைச் சுத்தி யார் யாரோ மண்ணுக்குள்ள இருந்து கறுப்புக் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எல்லா விரலும் உங்க பக்கம்தான் பார்த்திருக்கு."

படத்தி உடம்பை இறுக்கிக்கொண்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிற பனைமரத்துக்குக் கரையான்கள் இரை தேடி வரும், மண்ணுருட்டியைப் பார்த்து 'விரலன் வந்துட்டான், களை எடுக்க வாங்க' என்று சொல்லிவிடு என்றாள். மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தாள். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போகச் சொன்னாள்.

அரணை சொல்லிக்கொண்டேதான் போனது. பாதி வழியில் ஒரு வெட்டுக்கிளி குறுக்கே தாவியது. அதைப் பிடித்துத் தின்றது. விழுங்கி முடித்தபோது வாயில் வெட்டுக்கிளியும் இல்லை, சேதியும் இல்லை.

பனைமரம் வரை வந்துவிட்டது. எதற்கு வந்தாய் என்று மண்ணுருட்டி விசாரித்தான்.

"யாரோ என்னமோ சொல்லி அனுப்பினாங்க. ரொம்ப முக்கியமான விஷயம்தான்" என்றது அரணை. பனைமரம் முழுக்கச் சிரிப்பு. உன் வாலாவது ஞாபகமாகக் கூட வந்திருக்கிறதா, திரும்பிப் பார்த்துக்கொள் என்றது ஓர் இளங்கரையான்.

மண்ணுருட்டி சிரிக்கவில்லை. அரணையின் வயிற்றருகே போய் மோப்பம் பிடித்தான். அங்கே விரலனின் கறுப்புத் தூசி ஒட்டியிருந்தது. அவன் மெல்லுவதை நிறுத்தினான். அதைப் பார்த்து எல்லாக் கரையானும் நிறுத்தின.

அவள்தானே விரட்டினாள், அனுபவிக்கட்டும் என்றன சில. மண்ணுருட்டி சொன்னான்: "நமக்குக் கோபம் அவள்மேல. விரலன் கால் ஊன்றினது நம்ம சோத்துமேல. முட்டைக்குள்ள இருக்கிறதுங்க நம்மை எப்போ விரட்டுச்சு? நடங்க."

பால் படர்ந்த கண்ணோடு கிடந்த படத்திக்கு முதலில் ஒரு சத்தம் கேட்டது. கரு கரு. மொறு மொறு. அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள், ஒரு கரையானாவது தன் உடம்பின் கீழ் நசுங்கிவிடுமோ என்று. அவை அவள் முகத்தின்மேல் நடந்தன. விரல் விரலாக நின்ற கறுப்புப் பூஞ்சையை அடியோடு அறுத்தன. அழுகினதை மண்ணுக்குள் வைத்துப் பூசின. இரண்டு நாள் கழித்துப் புற்று மறுபடி மூச்சு விட்டது.

சட்டை உரிந்து கண் தெளிந்ததும் படத்தி முட்டைகளைப் பார்த்தாள். ஏழு இருந்தன. மற்ற நான்கைக் காணவில்லை. சுவரில் நான்கு இடத்தில் புது மண் பூசியிருந்தது. மிச்சமிருந்த ஏழையும் சுருண்டு அணைத்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்டாள் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பமாட்டேன். பாம்பு வாயில் அந்தச் சொல் வராது. தலையைத் தாழ்த்தி வழி விட்டாள், அவ்வளவுதான்.

ஆடியில் இடி இடித்த மறுநாள் புற்றின் மேலே வெள்ளைக் குடைக்காளான்கள் விரிந்தன. அவற்றின் அடியில் ஏழு குஞ்சுகள் ஊர்ந்து வந்து வெயிலைப் பார்த்தன. அந்த வழியே வந்த அரணை, நான் உங்களுக்கு ஏதோ பெரிய உதவி செய்தேனாமே, அது என்ன அக்கா என்று விசாரித்துவிட்டு, பதில் வருவதற்குள் போய்விட்டது.

படத்திக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. விரலன் செத்துவிட்டானா என்று மண்ணுருட்டியிடம் கேட்டாள்.

"அவன் எங்கே சாகிறது தாயி?" என்றான் அவன். "நீங்க படுத்திருக்கிற தூசியிலதான் இருக்கான். நாங்க மெல்லுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கான்."

அதிலிருந்து அந்தச் சத்தம் இருந்தால்தான் படத்திக்குத் தூக்கம். அது ஒரு நொடி நின்றாலும் தாடைக்குக் கீழே சில்லென்று ஏதோ தொடுகிற மாதிரி இருக்கும், திடுக்கிட்டு எழுந்துவிடுவாள்.

ஒரு வீட்டைத் தாங்குவது சுவர் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் தினமும் நடக்கிற வேலைதான். அதைச் செய்கிறவரைத் தொந்தரவு என்று விரட்டுகிறவர், தன் அழிவுக்குத் தானே வாசல் திறந்துவிடுகிறார்.