வெறுங்கை நாற்காலி

இருதயராஜ் மாஸ்டரின் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. கதை நடத்தும் நாற்காலியில் உட்காருகிறவர் வெறுங்கையோடு உட்கார வேண்டும். புத்தகம் கூடாது. தாள் கூடாது. உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டு வந்த ஒருவனைக்கூட அவர் கை கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியறை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வோம். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவுசெய்யும். வளர்ந்த ஆட்களுக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

நடத்துவது லேசான காரியமில்லை. எந்த ஊர் எந்த மலைக்குப் பின்னால், யாருக்கு யார் மேல் பகை, எந்த அடிக்கு எத்தனை பகடை என்று ஆயிரம் இருக்கும். மற்ற இடங்களில் அதற்கென்று ஃபைல் ஃபைலாக வைத்துக்கொண்டு ஆடுவார்கள். மாஸ்டர் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவ்வளவு நன்றாக நடத்துவார்.

பகவதியக்கா எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். மாஸ்டருக்கே பத்து வயதாவது மூத்தவர். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். அடுத்து நாற்காலி அக்காவுக்குத்தான் என்று மாஸ்டர் வாயாலேயே சொல்லியிருந்த சமயத்தில், அக்கா மூளையில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தார். கையும் காலும் தேறிவிட்டன. பெயர்கள் மட்டும் தேறவில்லை. நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும்.

திரும்பி வந்த முதல் ஞாயிறே அக்கா கேட்டுவிட்டார்.

"நாற்காலி எனக்கு வேணும் மாஸ்டர்."

"தாராளமா உக்காருங்கக்கா."

"வெறுங்கையோட முடியாது. அட்டையில எழுதி வச்சுக்கிடுவேன்."

மாஸ்டர் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்போ வேண்டாம்."

"ஏன்னு சொல்லுங்க."

அவர் நேராகப் பதில் சொல்கிற ஆள் இல்லை. கேட்டால் கதைதான் வரும்.

"ஒருத்தன் தாமிரபரணியில நீச்சல் பழகப் போனான். கையில நீச்சல் புத்தகம். பக்கத்தைப் பாத்துப் பாத்துக் காலை அடிச்சான். புத்தகம் நனைஞ்சிரக் கூடாதேன்னு ஒரு கையைத் தூக்கியே வச்சிருந்தான். கரையில நின்னவன் கேட்டான், ஏல, அந்தக் கையை எப்போ கீழ போடுவேன்னு."

மற்ற நாளாக இருந்தால் ஆகா என்று தலையை ஆட்டியிருப்போம். பகவதியக்கா ஆட்டவில்லை.

"அவன் நீந்தத் தெரியாதவன். நான் நீந்தத் தெரிஞ்சவ. எனக்குக் கால் போயிட்டு, ஒரு தோணி குடுங்கன்னு கேக்கேன். நீங்க புத்தகக் கதை சொல்லுதீங்க."

மாஸ்டரின் கதைக்கு யாரும் எதிர்க்கதை சொல்லி நாங்கள் பார்த்ததில்லை.

"எதுக்குக்கா இவ்வளவு பிடிவாதம்? எப்பவும் போல ஆடுங்க. பேரு மறந்தா நாங்க எடுத்துக் குடுக்கோம்," என்றார் மாஸ்டர்.

அங்கேதான் அக்காவுக்கு எரிந்தது.

"வீட்டுலயும் அதான் பண்ணுதாங்க. நான் வாயைத் தொறந்தா மகன் முடிக்கான். அவன் இல்லைன்னா மருமக முடிக்கா. இருமல் மருந்து வாங்க வாரவன்கூட என் பேச்சை அவனே முடிச்சுட்டுப் போறான். ஒரு இடத்துலயாவது நான் தொடங்குனதை நான் முடிக்கணும் மாஸ்டர். அது இந்த மேசைதான். எடுத்துக் குடுக்க ஆள் கேட்டு நான் வரலை."

மாஸ்டர் பையின் கயிற்றை இழுத்துச் சுருக்கினார். அவருக்கும் கோபம் வந்திருந்தது.

"சரி. ஒரே ஒரு ஆட்டம். அடுத்த வாரம் நீங்க நடத்துங்க, நான் ஆடுதேன். அட்டையோடயே வாங்க. ஆனா கதை ஒரு இடத்துல நின்னுட்டுன்னா, அதுக்குமேல நாற்காலிப் பேச்சை எடுக்கக் கூடாது."

"நிக்காது," என்றார் அக்கா.

நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்தேன். அந்த வாரம் கடைக்குப் போனபோது அக்கா தடித்த ஃபைல் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். ஊர்கள், ஆட்கள், ஆயுதங்கள், விதிகள், எல்லாம் அகர வரிசையில். என்ன வேணும்னாலும் கேளு என்றார். கேட்டேன். அவர் பக்கத்தைப் புரட்டித் தேடி எடுப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

அக்காவுக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. அப்போது ஓர் ஆள் வந்து காய்ச்சல் மாத்திரை கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையை ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையில மருந்தை நான் என்ன அகர வரிசையிலயா அடுக்கியிருக்கேன்? தெனம் கேக்கது கைக்குப் பக்கத்துல. எப்பவோ ஒருத்தன் கேக்கது ஏணி போட்டு எடுக்க தட்டுல. ஃபைலைப் பிரிச்சுப் போடு."

பிரித்துப் போட்டோம். முக்கால்வாசியைத் தூக்கியே எறிந்தார். ராஜ பரம்பரை, கோட்டையின் நீள அகலம், ஆயுதங்களின் எடை எல்லாம் குப்பைக்குப் போயின. மிச்சத்தை அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரைப் பட்டைகள் அடுக்கும் தகர ட்ரேயில் நிற்க வைத்தார். இப்போது நடக்கிற இடத்தில் இருக்கும் ஆட்கள் முன்னால். அடிக்கடி வருகிற விதிகள் வலக்கைப் பக்கம். பின்வரிசையைக் காலியாக விட்டுவிட்டு, எங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார்.

"உன் ஆளைப் பத்தி இதுவரைக்கும் நீ என்னெல்லாம் சொல்லியிருக்கேன்னு சொல்லு. மாஸ்டர் சொன்னது வேண்டாம். நீ சொன்னது."

ஞாயிறு வந்தது. பகவதியக்கா ட்ரேயை மேசைமேல் சத்தமாகவே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரில் மாஸ்டர். அவர் காளிங்கன் என்ற நாடோடி வியாபாரியாக ஆட வந்திருந்தார். பக்கத்தில் டயர் கடை மன்சூர், எப்போதும் போல வேம்பன் என்ற வேட்டைக்காரனாக. நான் யாராக ஆடினேன் என்பது முக்கியமில்லை.

வாரா வாரம் தொடரும் எங்கள் கதையை அக்கா ஆற்றுத்துறையில் தொடங்கினார். ஆரம்பித்ததுமே மாஸ்டர் கொக்கியைப் போட்டார்.

"இந்தத் துறையில சுங்கம் வாங்குறவன் பேரு என்ன?"

அக்கா வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. மன்சூருக்குத் தெரியும், அவர் உதடு அசைந்தது. அக்கா அவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். பதறாமல் ட்ரேயில் ஓர் அட்டையை எடுத்தார்.

"சடையப்பன். இடது காது கேக்காது. முன்னால வேம்பன் அந்தப் பக்கமா நழுவிச் சுங்கத்தை ஏமாத்திட்டான். சடையப்பன் அதை இன்னும் மறக்கலை. இப்போ கம்போட எந்திரிச்சு வாரான். என்ன பண்ணுதீங்க?"

மன்சூர் சிரித்துவிட்டார். சடையப்பனைச் சமாளிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மாஸ்டர் அடுத்த கொக்கியை எடுத்தார்.

"நான் ஆத்துல முங்குதேன். எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கலாம்? அதுக்கு விதி உண்டு."

"உண்டு. ஆனா அதுக்கு நான் அட்டை எழுதலை. எப்பவோ ஒருத்தன் கேக்க சங்கதி. பகடையை உருட்டுங்க, நாலுக்கு மேல விழுந்தா மூச்சு இருக்கு."

"விதி அப்படி இல்லை."

"இன்னைக்கு அப்படித்தான். உருட்டுங்க."

மாஸ்டர் உருட்டினார். ரெண்டு விழுந்தது. காளிங்கன் இருமிக்கொண்டு கரையேறினான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அக்கா பின்வரிசையில் கையை வைத்தார்.

"அக்கரையில ஒரு பொம்பளை நிக்கா. தோள்ல மூட்டை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து நடந்து வந்த களைப்பு. வேம்பனைப் பாத்துட்டு, சின்னவனே, இன்னும் வழி தெரியாமத்தான் சுத்துதியான்னு கேக்கா."

மன்சூரின் கையிலிருந்த பகடை மேசையில் விழுந்தது. அவர் உருட்டவில்லை. விட்டுவிட்டார்.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். பிடித்துவிட்டேன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"இங்கதான் கதை நிக்கு அக்கா. சின்னவனேன்னு கூப்பிடுதது அவன் அக்கா மட்டும்தான். அவ வெள்ளத்துல செத்துட்டா. நம்ம கதையில நடந்து முடிஞ்ச விஷயம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பகவதியக்கா அட்டையை உருவி வாசித்தார்.

"அக்கா சண்டை போட்டுட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டா. சாகலை. என்னைக்காவது கண்டுபிடிப்பேன். மன்சூர் சொன்னது."

"யார்கிட்ட சொன்னது?"

"உங்ககிட்டதான் மாஸ்டர்," என்றார் மன்சூர். "நான் ஆட வந்த முதல் நாள். அவளைத் தேடத்தான் வேம்பன் ஊரைவிட்டே கிளம்புனான். அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்குல, வெள்ளத்துல செத்த உன் அக்கான்னு சொல்லிட்டுக் கதையைக் கொண்டு போயிட்டீங்க."

உண்மைதான். அன்றைக்கு மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மன்சூர் ஏனோதானோவென்று ஆடியதும் தெரியும். மாஸ்டருக்கு மட்டும் தெரியாது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"எதைக் காட்டிச் சொல்ல மாஸ்டர்? உங்க கையில தாள் இல்லை. உங்க தலையில இருக்கதுதான் கதை."

மாஸ்டர் மன்சூரைப் பார்த்தார். பிறகு ட்ரேயைப் பார்த்தார். குரல் உயரவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"இப்படி எழுதி எழுதி வச்சா நடத்துறவங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? எல்லாம் அட்டைதான் பேசும்."

பகவதியக்கா பின்வரிசை அட்டைகளை அப்படியே அள்ளி அவர் முன்னால் போட்டார்.

"பாருங்க. நான் யோசிச்சது ஒண்ணுகூட இதுல கிடையாது. நான் யோசிச்சதை மறந்துட்டா எனக்கு ஒரு கவலையும் இல்லை, உக்காந்த இடத்துல வேற ஒண்ணு சொல்லிருவேன். இவங்க சொன்னதை மறக்கதுக்கு நான் யாரு? தலை நல்லா இருந்தா எழுதாம இருந்திருப்பேனோ என்னமோ. இப்போ எழுதிட்டேன். இனிமே இந்த ட்ரே இல்லாம இந்த நாற்காலியில நான் உக்கார மாட்டேன். வெறுங்கையாத்தான் உக்காரணும்னா இப்பவே சொல்லுங்க, எடுத்துட்டுக் கீழ இறங்குதேன். வீட்டுல போய் அவங்க என் பேச்சை முடிக்கதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

கடைசி வாக்கியத்தின் நடுவில் அவருக்கு ஒரு சொல் வராமல் நின்றது. நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே கண்டுபிடித்து முடித்தார்.

மாஸ்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். என்னுடையதும் இருந்தது. எஸ்தர் என்று ஊரைவிட்டுப் போய்விட்ட ஒரு பெண் எப்போதோ சொன்னதுகூட இருந்தது. அக்கா அவளுக்கும் போன் போட்டிருக்கிறார். மாஸ்டர் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி, ட்ரேயின் பின்வரிசையில் வைத்தார்.

"வெத்து அட்டை இருக்கா அக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"காளிங்கனைப் பத்தி ஒண்ணு எழுதணும். அவன் ஊர் ஊராப் போற ஆள். வேம்பனோட அக்கா வெள்ளத்துல செத்துட்டான்னு ஊர் பூரா வதந்தியைக் கிளப்புனவன் அவன்தான். விசாரிக்காமச் சொல்லிட்டான். இப்போ அவ உயிரோட எதிர்ல நிக்கா. வேம்பன் என்ன கேட்டாலும் காளிங்கன் பதில் சொல்லணும்."

மன்சூர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். விழுந்து கிடந்த பகடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பகவதியக்கா ஒரு வெற்று அட்டையையும் பேனாவையும் மாஸ்டரிடம் நீட்டினார்.

"இந்தாங்க. உங்க ஆளு. நீங்களே எழுதுங்க."

மாஸ்டர் வாங்கவில்லை.

"வேண்டாம்க்கா. நான் எழுதுனா அவனை நல்லவனா எழுதிக்கிடுவேன். நீங்க எழுதுங்க."