நாப்பத்திரண்டாவது மாடல்

"டீச்சர், என்னால முடியல."

சிரில் எபநேசர் இதை வாசல்லயே சொல்லிட்டார். செருப்பைக்கூட இன்னும் கழட்டல.

ஹில்டா டீச்சர் நிமிர்ந்து பார்க்கல. பெரம்பூர்ல சர்ச்சுக்குப் பின்னால இருக்கிற அந்தச் சின்ன ரூம்ல உட்கார்ந்து, யாரோ ஒருத்தரோட கிட்டாருக்குக் கம்பி மாத்திக்கிட்டிருந்தாங்க. பன்னெண்டு கம்பி கிட்டார். மாத்தி முடிக்கிறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போயிடும்.

"உள்ள வந்து உக்காருங்க சார்."

டீச்சருக்கு வயசு நாப்பத்து நாலு. சிரிலுக்கு அறுபத்து மூணு, ரயில்வேயில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆனாலும் செவ்வாக்கிழமை தவறாம வந்து முன்னால உட்கார்ந்து கிட்டார் பாடம் கேட்கிற சிஷ்யர் அவர்தான். அதுல அவருக்கு வெக்கம் ஒண்ணும் கிடையாது.

"எது முடியல?"

"புத்தகம்."

அந்தப் புத்தகத்தைப் பத்திச் சொல்லணும். வெல்ஸ்டன்னு கல்கத்தாவுல ஒரு கம்பெனி இருந்தது. மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. அவங்க செஞ்ச பன்னெண்டு கம்பி கிட்டாருக்கெல்லாம் மாடல் பேரு எப்படி எப்படி வந்துச்சுன்னு இந்த மனுஷன் பத்தொன்பது வருஷமா எழுதிக்கிட்டிருக்கார். வேற வேலையே இல்லையான்னு நீங்க கேட்க வேண்டாம். அவர் வீட்டம்மா கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்கிறதையே விட்டுட்டாங்க.

"நாப்பத்தோரு மாடலுக்கும் எழுதியாச்சு டீச்சர். கடைசிப் பக்கம் ஒண்ணுதான் நிக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தரலைன்னா பிரஸ்ல வேற வேலையை எடுத்துருவாங்க. மறுபடி ஒரு வருஷம் இழுத்துக்கிட்டுக் கிடக்க எனக்குத் தெம்பு இல்ல."

"கடைசிப் பக்கத்துல என்ன?"

சிரில் தோள்ல இருந்த பையைத் திறந்தார். தன்னோட சொந்தக் கிட்டாரை எடுத்து டீச்சர் முன்னால வெச்சார்.

"இதுதான்."

டீச்சர் இப்பத்தான் கையில இருந்த கம்பியை விட்டாங்க.

வெல்ஸ்டன் கிட்டாருக்கு மாடல் பேரு உள்ளுக்குள்ள ஒரு சீட்டுல அச்சடிச்சு ஒட்டியிருக்கும். நடு ஓட்டை வழியா எட்டிப் பார்த்துப் படிக்கணும். இதுல பசை ருசிக்குக் கரப்பான் வந்து சீட்டைத் தின்னுட்டுப் போயிடுச்சு. 'வெல்ஸ்டன்'ங்கிற எழுத்துல பாதி இருக்கு. பேரு இருந்த எடம் மொட்டை.

"அதனால என்ன?"

"என்னவா? கிட்டார் சங்கத்துக்கு நீங்க வந்ததில்ல டீச்சர். அங்க ஒரு வழக்கம். எழுந்து நின்னு முதல்ல மாடல் பேரைச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் வாசிக்கணும். என் முறை வந்துச்சு, எழுந்து நின்னேன். பேரு தெரியல. 'பேரு தெரிஞ்சதும் வாங்க சார்'னாரு தலைவர். சபையே சிரிச்சுது. நான் வாசிக்காமலே உக்காந்துட்டேன்."

"எப்போ?"

"பத்தொன்பது வருஷம் முன்னாடி."

பாவம், அந்தச் சிரிப்பு அவர் காதுல இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருந்தது.

"ஊர்ல இருக்கிற கிட்டாருக்கெல்லாம் பேரு கண்டுபிடிச்சேன். இதுக்கு மட்டும் அகப்படல. நாப்பத்தொண்ணுல எதுலயும் இது சேரல. உங்க கை படாத கிட்டார் இல்ல. நீங்களாவது சொல்லுங்க."

டீச்சர் கிட்டாரைத் தூக்கினாங்க. செல்போன் வெளிச்சத்தை உள்ள அடிச்சுப் பார்த்தாங்க. முதுகைத் தட்டிப் பார்த்தாங்க. திரும்ப வெச்சாங்க.

"ஆர்-12-கே."

சிரிலுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவசர அவசரமா சட்டைப் பையில பேனாவைத் தேடி எடுத்தார்.

"ஆண்டவரே! எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல. இப்பத்தான் வெச்சேன்."

பேனா அப்படியே நின்னுபோச்சு.

"விளையாடுறீங்களா? பத்தொன்பது வருஷம் டீச்சர்! கல்கத்தாவுக்கே ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கேன். பேரைக் கண்டுபிடிக்கணும். நாமளா வைக்கக் கூடாது!"

சத்தம் போட்டதுல அவருக்கு மூச்சு வாங்கிச்சு. டீச்சர் மறுபடி அந்த இன்னொரு கிட்டாரை மடியில எடுத்து வெச்சுக்கிட்டாங்க.

"'டி-12' எப்படி வந்துச்சு?"

"கம்பெனிக் கதவுக்கெல்லாம் எழுத்துப் போட வாங்கின தகட்டு அச்சு. அதுல 'டி' மட்டும்தான் உடையாம இருந்துச்சு."

"'12-40'?"

"கம்பெனி மேஸ்திரி வீட்டுக்குப் போற பஸ் நம்பர் நாப்பது."

"'கிராண்ட் 24'?"

சிரில் கொஞ்சம் தயங்கினார்.

"பன்னெண்டுன்னா கம்மியாத் தெரியுதுன்னு ஒரு ஏஜென்ட் ரெட்டிப்பாக்கிட்டான். மிச்சப் பன்னெண்டு கம்பி எங்கடான்னு ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க. மறுவருஷமே எடுத்துட்டாங்க."

"இதெல்லாம் சரியான பேருங்களா சார்?"

"சரியான பேருங்கதான். ரெக்கார்டு இருக்கு. இந்தப் பேரையெல்லாம் பதிஞ்ச கம்பெனிக் கிளார்க்கையே நேர்ல பார்த்துப் பேசி எழுதியிருக்கேன்."

"அப்ப நான் வெச்சது?"

"நீங்க வெச்சது இப்ப வெச்சது டீச்சர். அதெல்லாம் அறுபது வருஷம் முன்னாடி வெச்சது."

டீச்சர் பன்னெண்டாவது கம்பியை மாட்டி, அதை இறுக்குற சாவியை மெதுவா முறுக்கினாங்க.

"அப்ப ஒரு அறுபது வருஷம் பொறுங்க சார்."

சிரில் அவங்களையே பார்த்துக்கிட்டிருந்தார். கதவு அச்சு, பஸ் நம்பர், ரெட்டிப்புக் கணக்கு. எல்லாத்தையும் அவர் கையாலதான் எழுதினார். எழுதும்போது ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்ல. இப்ப வந்துச்சு. தோளெல்லாம் குலுங்க, வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். அது அழுகையா சிரிப்பான்னு டீச்சருக்கே சட்டுன்னு தெரியல.

போன் அடிச்சுது. பிரஸ்ல இருந்து தணிகாசலம்.

"சார், கடைசிப் பக்கம் என்னாச்சு? ஆளுங்க சும்மா நிக்கிறாங்க."

"படத்தை மட்டும் போட்டு அச்சுக்கு ஏத்துப்பா."

"மேல மாடல் பேரு வேண்டாமா சார்? படிக்கிறவங்க கேப்பாங்களே?"

சிரில் கிட்டாரை மடியில இழுத்து வெச்சுக்கிட்டார்.

"பன்னெண்டு கம்பி இருக்கு. எண்ணிப் பார்த்துக்கச் சொல்லு."