கண்ணாடிக்குள் கிழிசல்

காலை லோக்கல் ரயிலில் ஒரு நாவல் குடியிருந்தது. வீடு வாசல் கிடையாது. ஒருவர் படித்து முடித்தால் அடுத்தவர் கைக்குப் போகும். அட்டை போய், முனையெல்லாம் மடிந்து, நடுவில் யாரோ தின்ற வடையின் எண்ணெய்க்கறையோடு இருந்ததால் அதற்குக் கிழிசல் என்றே பேர். கிழிசலுக்கு அதில் வருத்தமே இல்லை.

அடுத்த முறை பிலோமினாவுடையது. தையல் கம்பெனிக்குப் போகிறவள். பக்கத்து சீட்டுக்காரரின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தே பாதிக் கதை படித்துவிட்டாள். கதையில் மரகதம் கைக்குழந்தையோடு படகேறி நடு ஆற்றில் இருந்தாள். கரை சேர்ந்தாளா இல்லையா? தெரியாமல் பிலோமினாவுக்குச் சோறு இறங்கவில்லை. முடிவை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அந்தப் பெட்டியின் சட்டம்.

நடுவில் புகுந்தார் தணிகாசலம். கூட்டத்துக்குப் புதுசு.

"அடடா, கிடைக்காத பழைய பதிப்பாச்சே! ரெண்டு நாள்ல தந்துடறேம்மா" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அன்று அவர் வீட்டில் சரஸ்வதி பூசை. கிழிசலுக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி. பூசையில் வைத்ததை அன்றைக்குப் படிக்கக் கூடாது, சரி. மறுநாள் எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டாமா? அதுதானே முறை? அந்த மனுஷர் டிவியில் பட்டிமன்றம் பார்த்தார். அப்புறம் கிழிசலைத் துடைத்து, கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"யோவ், திற!" என்று கத்தியது கிழிசல்.

"என்ன பேச்சு இது?" என்று அலமாரி அதட்டியது. "இங்கே இருக்கிறவங்க எல்லாம் எப்பேர்ப்பட்டவங்க தெரியுமா?"

தங்க எழுத்துப் போட்ட தடித்தொகுதி ஒன்று மூக்கைச் சுளித்தது. அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. "எங்க மேலே ஒரு விரல் பட்டதில்லை."

"அதைச் சொல்ல வெட்கமா இல்லை? உன் வயித்துக்குள்ளே என்ன கதை இருக்குன்னு உனக்கே தெரியுமா?"

தொகுதி பிளாஸ்டிக் உறையைச் சரசரவென்று இழுத்துவிட்டுக்கொண்டது.

"சந்தனம் பூசி உட்கார வைக்க நான் என்ன உற்சவ மூர்த்தியா? அங்கே ஒருத்தி நடு ஆத்துல தவிக்கிறா. ஒருத்தி இல்லை, ரெண்டு பேர்! படகுல ஒருத்தி, ரயில்ல ஒருத்தி!"

பிலோமினா ரயிலில் கேட்டால், "நாளைக்கும்மா" என்பார் தணிகாசலம். நாளைக்கு, நாளைக்கு என்றே மழைக்காலம் வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் அவள் வீடு தேடியே வந்தாள்.

"பார்த்தியாம்மா, எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன்!"

"குடுங்க சார், இங்கேயே உட்கார்ந்து படிச்சிட்டுப் போயிடறேன்."

"ஐயய்யோ, கை பட்டா வீணாப் போயிடும்மா!" என்று காபி கொடுத்து அனுப்பிவைத்தார். காபி யாருக்கய்யா வேண்டும்?

"கை பட்டதாலதான்யா நான் உசிரோட இருந்தேன்!" என்று கிழிசல் கண்ணாடியில் முட்டிக்கொண்டது. மனுஷக் காதில் அது எங்கே விழும்?

மழையோடு சுவரோரம் மண்கோடு ஏறியது. கரையான் மரியாதையாகத்தான் கேட்டது: "உள்ளே வரலாமா?"

அலமாரி பூட்டைக் காட்டி மிரட்டியது.

"பூட்டு மனுஷங்களுக்குத்தானே?" என்று முதுகுப் பலகையைத் துளைத்துக்கொண்டு வந்தது கரையான்.

"படகு வரைக்கும் தின்னுக்கோ" என்று கிழிசல் கெஞ்சியது. "அதுக்கு மேலே தொட்டுடாதே. ஒருத்தி காத்திருக்கா."

பசித்த வாய்க்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன?

பிறகொரு நாள் கதவைத் திறந்த தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். தங்க எழுத்துக்காரர்கள் மண்ணோடு மண். மறுநாள் ரயிலில் கிழிசலை நீட்டினார்.

"இந்தாம்மா, நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேண்டாம்."

பிலோமினா அவசர அவசரமாகப் புரட்டினாள். படகு இருந்தது. நடு ஆறும் இருந்தது. அதற்கப்புறம் கடைசிவரை ஓட்டையும் பொடியும்தான். அவள் மடியில் கிழிசல் கூனிக் குறுகிக் கிடந்தது.

"எதுவரைக்கும் படிச்சீங்க சார்?"

"படிக்கிறதா? பத்திரமால்ல வெச்சிருந்தேன்!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. பிலோமினா ஓட்டை விழுந்த கடைசிப் பக்கத்தை ஆத்திரத்தோடு அவர் முன்னால் விரித்தாள்.

"கரையானாவது கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருக்கு, சார்."