மீட்பு எண்

தூத்துக்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள் மெஹர்நிசா. உப்பளக் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற அருளப்பன் அவளிடம் தொழில் கற்க வந்தவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை ஒரு புது மடிக்கணினியை அவரிடம் நகர்த்தினாள்.

"முதல்ல ஒரு மீட்பு பென்டிரைவ் போடுங்க அண்ணாச்சி. மீட்பு எண்ணையும் மெஷினுக்கு வெளிய எடுத்து வைங்க. அப்புறம் அந்தப் பென்டிரைவ்ல இருந்தே ஒருதடவை தொடங்கிப் பாருங்க."

"புது மெஷின் டீச்சர். நல்லாத்தானே ஓடுது?"

அவள் பென்டிரைவை அவர் கையில் வைத்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பென்டிரைவைச் செருகினார்.

அப்போது ஒரு கணவனும் மனைவியும் மடிக்கணினி ஒன்றோடு உள்ளே வந்தார்கள். கணவன் கழுத்தில் துணிக்கட்டு. அவனால் பேச முடியவில்லை. மனைவிதான் பேசினாள்.

"நேத்து அணைச்சு வச்சோம். இன்னைக்குத் தொறந்தா நீலமா நிக்குது. ஏதோ நம்பர் கேக்குது."

மெஹர்நிசா திரையைப் பார்த்தாள். "உள்ள இருக்கிறதை எல்லாம் மெஷினே பூட்டி வச்சிருக்கு. மீட்பு எண் போட்டாத்தான் தொறக்கும். அதை எங்க வச்சிருக்கீங்க?"

கணவன் செல்போனில் எழுதிக் காட்டினான். 'இந்த மெஷினுக்குள்ளதான் இருக்கு.'

"உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார் அருளப்பன்.

"இவரு குரல். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னாடி பிள்ளைக்காகப் பேசிப் பதிஞ்சு வச்சாரு. அப்போ வயித்துலதான் இருந்தா. ஆணா பொண்ணான்னு தெரியாதுல்ல, ஆம்பளப் பேரு, பொண்ணு பேரு ரெண்டையும் சொல்லிக் கூப்பிட்டு வச்சிருந்தாரு."

"வேற எதுலயும் எடுத்து வைக்கலியா?"

"வைக்கணும்னுதான் இருந்தோம். நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு."

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மெஹர்நிசா அவர்களுடைய இமெயில் கணக்கில் தேடினாள். பழைய போனில் தேடினாள். தனக்குத் தெரிந்த ஒருவருக்கு போன் போட்டுக் கேட்டாள். மதியம் தாண்டியது. பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொறக்காதும்மா. எண் இல்லாம யாராலயும் முடியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தித் தரலாம். மெஷின் ஓடும். குரல் வராது."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் மடிக்கணினியை மெல்ல மூடினான். செல்போனில் எழுதினான்.

'அழிக்க வேண்டாம்.'

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். மனைவி பின்னால் போனாள்.

இருவரும் தெரு திரும்பும்வரை அருளப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொன்னா, தினமும் வந்து கேப்பாங்க அண்ணாச்சி."

அவர் புது மடிக்கணினியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நெசமாவே ஒரு வழியும் இல்லையா?"

"இருந்துச்சு" என்றாள் மெஹர்நிசா. "நேத்து வரைக்கும் இருந்துச்சு."